ஐபெர்ஃபா, நெட்பெர்ஃபா? கணினியின் டிசிபி மென்பொருளை அளக்க எது ஏற்றது

டிசிபி என்பது கணினிகளுக்கிடையே தரவைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை. அதை இயக்கும் மென்பொருளை அளக்க, இரண்டு கணினிகளை கேபிளால் இணைத்து, வேகம் அளக்கும் ஒரு கருவியை ஓட்டுவார்கள். நொடிக்கு 941 மெகாபிட் என்று வந்ததும் வேலை முடிந்தது என்பார்கள். அந்த எண் கேபிளைப் பற்றியது. 1 கிகாபிட் ஈதர்நெட்டில் ஒரு முழு ஃபிரேம் (தரவுப் பொட்டலம்) கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கிறது. டிசிபி டைம்ஸ்டாம்ப் (பாக்கெட்டில் சேரும் நேரக் குறிப்பு) இருந்தால் அதில் தரவுக்கு மிஞ்சுவது 1448. வகுத்தால் 941, டைம்ஸ்டாம்ப் இல்லையென்றால் 949. இந்த உச்சியைத் தொட்டுவிட்ட கணினியில் எந்தக் கருவியும் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். (94 என்று வந்தால் மென்பொருளைத் திட்ட வேண்டாம். கேபிளில் ஒரு ஜோடி கம்பி போய், இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும்.) கருவிகளின் குணம் தெரிவது சிபியு திணறும்போதும் செய்திகள் சிறிதாக இருக்கும்போதும்தான்.

முதலில் ஐபெர்ஃப். 2, 3 என்ற எண்களைப் பார்த்து ஒன்றின் புதுப்பதிப்பு மற்றொன்று என்று எண்ண வேண்டாம். 3 என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலையமைப்பான ஈஎஸ்நெட்டின் குழு அடியிலிருந்து எழுதிய தனி நிரல், 2-உடன் பேசாது. 2-இன் போர்ட் (இணைப்பு வாசல் எண்) 5001, 3-இன் போர்ட் 5201. இணைப்பு மறுக்கப்பட்டால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் பெரிய வேறுபாடு த்ரெட், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைக்கூறு. ஐபெர்ஃப் 3, பதிப்பு 3.16 வரும்வரை, எட்டு ஸ்ட்ரீம் (இணை தரவோட்டம்) கேட்டாலும் எல்லாவற்றையும் சிபியுவின் ஒரே கோரில்தான் ஓட்டியது. 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டில் அந்த ஒரு கோர் 100 சதவீதத்தில் நிற்கும். நீங்கள் அளப்பது கருவியின் மூச்சுத்திணறலை. டாஸ்க் மேனேஜரின் மொத்தக் கணக்கு இதைக் காட்டிக்கொடுக்காது: எட்டு கோர் கணினியில் அது வெறும் 12.5 சதவீதம். கோர் வாரியாகப் பாருங்கள். 3.16 அல்லது அதற்குப் பிந்தையது இல்லையென்றால் ஐபெர்ஃப் 2 போதும். அது முதலிலிருந்தே பல த்ரெட். பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே சர்வரைத் தாக்கவும் 2-தான் வேண்டும். 3-இன் சர்வர் ஒரு சமயத்தில் ஒரு சோதனையைத்தான் ஏற்கும்.

யுடிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பாத நெறிமுறை) விஷயத்தில் இரண்டும் ஒரே பொறி வைக்கின்றன. வேகம் குறிப்பிடாவிட்டால் நொடிக்கு 1 மெகாபிட்தான் அனுப்பும். வேகத்தை நீங்களே கொடுங்கள், பாக்கெட் தரவை 1472 பைட்டுக்குள் வையுங்கள், அனுப்பிய பக்கத்தின் எண்ணை விட்டுவிட்டு பெற்ற பக்கத்தின் எண்ணை நம்புங்கள். 1472-ஐத் தாண்டினால் பாக்கெட் துண்டாகும். ஒரு துண்டு தொலைந்தால் முழுதும் போச்சு.

நெட்பெர்ஃப் வேறு கேள்வி கேட்கிறது. ரிக் ஜோன்ஸ் ஹெவ்லெட் பேக்கார்டில் உருவாக்கியது. அதிலும் தொடர் ஓட்டச் சோதனை உண்டு. ஆனால் அதன் உயிர் கோரிக்கை-பதில் சோதனையில் இருக்கிறது. ஒரு பைட் அனுப்பி ஒரு பைட் பதில் வாங்கி, நொடிக்கு எத்தனை முறை என்று எண்ணும். 10,000 வந்தால் ஒரு சுற்றுக்கு 100 மைக்ரோநொடி. இங்கே கம்பியின் அகலத்துக்கு வேலையே இல்லை. இன்டரப்ட்டை (சிபியுவுக்கான அழைப்பை) கார்டு எவ்வளவு நேரம் சேர்த்து வைக்கிறது, ஆன்டிவைரஸின் ஃபில்டர் எவ்வளவு தின்கிறது, சிபியு எத்தனை முறை தூங்கப்போகிறது என்பதே எண்ணாக வருகிறது. 941 காட்டும் இரண்டு கணினிகள் இதில் வெகுதூரம் விலகி நிற்கலாம். நெறிமுறை மென்பொருளைச் சோதிக்கிறேன் என்று சொல்பவர் இதை ஓட்டாமல் விடக்கூடாது.

அதன் தொல்லைகளும் உண்டு. கட்டுப்பாட்டு இணைப்பு 12865-இல் போகும், தரவு வேறொரு போர்ட்டில் போகும். முன்னதை மட்டும் ஃபயர்வாலில் திறந்தால் சோதனை தொடங்கியதுபோல் தோன்றி அப்படியே நிற்கும்; தரவுப் போர்ட்டையும் குறிப்பிட்டு அதையும் திறக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் புது இணைப்பு திறக்கும் சோதனையை நீண்ட நேரம் ஓட்டினால் தற்காலிகப் போர்ட்டுகள் தீரக்கூடும்: விண்டோஸில் வழக்கமாக 16,384, லினக்ஸில் சுமார் 28,000.

விண்டோஸ் கணினிகள் இரண்டுக்கிடையே என்றால் மைக்ரோசாஃப்ட்டின் வேகம் அளக்கும் கருவியான என்டிடிடிசிபியே என் தேர்வு. ஐபெர்ஃப் 3-இன் விண்டோஸ் தொகுப்புகள் பொதுவாக சிக்வின் (யுனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்ட உதவும் அடுக்கு) வழியாக ஓடுவதால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். என்டிடிடிசிபியில் வழக்கமாக நடக்கும் பிழை ஐபி முகவரி: இரு பக்கமும் பெறுபவரின் முகவரியைத்தான் தர வேண்டும்.

எந்தக் கருவியானாலும் 30 நொடி ஓட்டி, முதல் 3 நொடியை ஒதுக்கி, திசை மாற்றி, ஐந்து முறை செய்து நடு எண்ணை எடுங்கள். லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கட்டும். லூப்பேக்கில் (கணினி தனக்கே அனுப்பும்போது) வரும் பிரம்மாண்ட எண்ணில் கார்டும் டிரைவரும் இல்லை. அது பெரும்பாலும் நினைவகத்தில் நகல் எடுக்கும் வேகம்.

டிசிபியின் குணத்தை உரசிப் பார்க்க, தாமதத்தைச் சேர்க்க வேண்டும். 100 மில்லிநொடி தாமதத்தில் 64 கிலோபைட் விண்டோ (ஒப்புகை வருமுன் அனுப்பக்கூடிய அளவு) உள்ள மென்பொருள் 5 மெகாபிட்டைச் சற்றே தாண்டும். 1 கிகாபிட்டை நிரப்ப 12.5 மெகாபைட் வேண்டும். லினக்ஸின் தாமதம் சேர்க்கும் கருவியான நெட்எம் கொண்டு நடுவே ஒரு மூன்றாவது கணினியில் இந்தத் தாமதத்தை வைக்கலாம். ஆனால் அதன் வரிசையில் இயல்பாக 1000 பாக்கெட்டுக்குத்தான் இடம், 12.5 மெகாபைட்டுக்கு எட்டாயிரத்துக்கு மேல் தேவை. வரம்பை 10,000 ஆக்காமல் ஓட்டினால், நெட்எம் கொட்டிய பாக்கெட்டுகளின் பழி டிசிபியின் தலையில் விழும்.