திருகோணமலை மத்திய வீதியில் ஒரு மணிக்கூடு திருத்துமிடம்: இராணுவப் பொக்கெற் மணிக்கூடு வைத்திருப்போருக்கு

இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானிய இராணுவப் பொக்கெற் மணிக்கூடு ஒன்றை மத்திய வீதியிலுள்ள ஒரு சிறிய கடையில் கொடுத்துத் திருத்தி வாங்கினேன். கடைக்கெனத் தனிப் பெயர் கிடையாது. 'மணிக்கூடு திருத்தப்படும்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய தகரப் பலகை மட்டும் தொங்குகிறது. முன்பக்கக் கண்ணாடிப் பெட்டியில் மலிவான பற்றரி மணிக்கூடுகளும் தோற்பட்டிகளும் அடுக்கியிருப்பதைப் பார்த்தால், சாவி கொடுக்கும் பழைய மணிக்கூட்டை இங்கே நம்பி ஒப்படைக்கலாமா என்ற தயக்கம் யாருக்கும் வரும். ஒப்படைக்கலாம் என்பதே என் கருத்து. கடையின் கைத்திறனுக்கும் கணக்கு வழக்குக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

நான் கொண்டுபோனது சுவிஸ் நிறுவனமான சைமா செய்தது; வெள்ளை முகப்பு, ஆறாம் மணிக்கு மேலே சிறு விநாடி வட்டம், உள்ளே அச்சுமுனைகளைத் தாங்கும் பதினைந்து கல். பின்மூடியில் பிரித்தானிய அரச உடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறியும், அதன் கீழ் இத்தகைய இராணுவப் பொக்கெற் மணிக்கூடுகளுக்கு இட்ட குறியீடான ஜி.எஸ்.ரி.பி. என்ற எழுத்துகளும், தொடரிலக்கமும் பொறிக்கப்பட்டுள்ளன. இதே வகையை ஒமேகா, ஜெகர் லெகூல்ற், ஹெல்வேற்றியா, டொக்சா முதலிய நிறுவனங்களும் பிரித்தானிய இராணுவத்துக்குச் செய்து கொடுத்தன. ஆனால் திருகோணமலையில் அம்புக்குறி தெரிந்தால் போதும், எந்த மணிக்கூடும் 'நேவி மணிக்கூடு' ஆகிவிடுகிறது. 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்ததால் அந்தப் பேச்சு எளிதில் எடுபடுகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கிய கதையையும் சேர்த்துவிட்டால் விலை இன்னும் சில ஆயிரம் ஏறும். அம்புக்குறியோ முப்படைகளின் பொருள்களிலும் இருந்தது. கடற்படைக் கப்பல்களில் பயன்பட்ட மணிக்கூடுகளிற் பலவற்றில் கடல் அளவைப் பிரிவைக் குறிக்கும் எச்.எஸ். என்ற எழுத்துகளும் ஓர் இலக்கமும் காணப்படும். என்னுடையதில் அவை இல்லை. கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஆமிக்காரர் வைத்திருந்தது" என்றதோடு நிறுத்திக்கொண்டார். கதை விற்காத ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதே வந்தது.

அவர் சோதித்த முறை பார்க்க வேண்டியது. கண்ணில் உருப்பெருக்கிக் குழாயை இடுக்கிக்கொண்டு, முதலில் மணிக்கூட்டை ஓட்டும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெல்ல விடுவித்தார். பின்னர் மெல்லிய சாவணத்தால், இருபுறமும் ஊசலாடி நேரத்தை அளவிடும் பலன்ஸ் சில்லின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழுமாக மிகச் சிறிதளவு அசைத்தார். அச்சின் முனை ஒடிந்திருந்தால் அந்த அசைவு கூடுதலாக இருக்கும். இந்த வகை மணிக்கூடுகளில் பிற்காலத்தில் வந்த அதிர்ச்சி தாங்கும் அமைப்பு பொதுவாக இல்லை என்பதால், ஒருமுறை தரையில் விழுந்தாலே தலைமயிரளவான அந்த முனை முறிந்துவிடும். என்னுடையதில் மேல் முனை முறிந்திருந்தது. அதைவிடப் பெரிய சேதம் சாவித் திருகு நுழையும் துளையின் பக்கத்தில் இருந்தது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று உள்ளே புகும் வழி அதுதான். தண்டும் அதனைச் சார்ந்த சிறு உருக்குப் பாகங்களும் செந்நிறத் துரு ஏறிக் கிடந்தன. அவர் துருவை அரத்தால் உராயவில்லை. பாகங்களைக் கழற்றி எண்ணெயில் ஊறவிட்டு, பிறகு மென்மையாகத் துடைத்தெடுத்தார். ஒரேயொரு திருகாணியை மட்டும் மாற்ற வேண்டி வந்தது.

சுத்திகரிப்பிலும் குறுக்குவழி இல்லை. மூடியைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு 'சேர்விஸ்' என்று காசு வாங்கும் இடங்களைக் கண்டிருக்கிறேன். காய்ந்து பிசினான பழைய எண்ணெயின் மேல் புதியது விழுந்தால் தேய்மானந்தான் கூடும். இங்கே இயந்திரம் முழுவதையும் பிரித்துக் கழுவி, ஒவ்வொரு கல்லின் துளையையும் கூர்சீவிய மரக்குச்சியால் குடைந்து, குச்சியின் நுனி அழுக்கின்றி வரும்வரை திரும்பத் திரும்பச் சீவினார். பலன்ஸ் அச்சுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுழலும் பெரிய சில்லுகளுக்குத் தடித்தது, மெயின்ஸ்பிரிங் பீப்பாய்க்குக் கிறீஸ் என்று வேறுபடுத்தியே இட்டார். பழைய உருக்கு மெயின்ஸ்பிரிங் விரிய மனமின்றிச் சுருண்டே கிடந்ததால் புதியது போடப்பட்டது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து, என்ற கணக்கில் ஓட வேண்டிய இயந்திரம் இது. தட்டையாகக் கிடத்தினால் இப்போது நாளொன்றுக்குச் சுமார் இருபது விநாடி முந்துகிறது; சங்கிலியில் தொங்கவிட்டால் ஏறக்குறைய அதே அளவு பிந்துகிறது. ஒரு சாதாரணப் படைவீரர் வைத்திருந்த, எண்பது வயது கடந்த மணிக்கூட்டில் இதைவிட எதிர்பார்ப்பது பேராசை.

முகப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முட்களிலும் மணிக்குறிகளிலும் உள்ள பழுப்புப் பூச்சு கதிரியக்கமுள்ள ரேடியம் கலந்தது. இருட்டில் அது இப்போது ஒளிர்வதில்லை என்பதால் செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். செத்தது ரேடியத்தோடு கலந்திருந்த துத்தநாக சல்பைட்டின் ஒளிரும் தன்மை. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலமோ, அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலமோ, சுமார் 1,600 ஆண்டுகள். பூச்சைச் சுரண்டினால் எழும் தூளை மூச்சோடு உள்ளிழுப்பதுதான் உண்மையான ஆபத்து. கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் அவர் முகக்கவசம் அணிந்து, மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். பங்குனி வெயிலில், தகரக் கூரையின் கீழ், முட்களைக் கழற்றி முகப்பை மூடிபோட்ட பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் வைக்கும்வரை அது நின்றபடியே இருந்தது. பிறகு ஈரத்துணியால் மேசையைத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்தார். பூச்சைப் புதுப்பிக்க முடியுமா என்று நான் கேட்டதற்கு, "தம்பி, முகப்பில் கை வைக்கச் சொன்னால் மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு போங்கோ" என்று பதில் வந்தது. இராணுவ மணிக்கூட்டில் அசல் முகப்புக்கே மதிப்பு என்பதாலும் அந்தப் பதில் சரியானது. பின்மூடியையும் பளபளப்பாக்க மறுத்தார். சக்கரத்தில் தேய்த்தால் நிக்கல் முலாம் போய்ப் பித்தளை தெரிவதோடு, அம்புக்குறியின் ஓரங்களும் மழுங்கிவிடும். ரேடியம் பூசிய மணிக்கூடுகள் பலவற்றைச் சேர்த்து வைத்திருப்போர் அவற்றைப் படுக்கையறை அலமாரியில் பூட்டி வைக்காமல், காற்றோட்டமுள்ள வேறிடத்தில் வைப்பது நல்லது. ரேடியத்திலிருந்து ரேடன் என்ற கதிரியக்க வாயு வெளிவருகிறது.

இனிக் குறைகள். எனக்குத் தந்த பற்றுச்சீட்டில் 'பழைய மணிக்கூடு 1' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. நிறுவனப் பெயரோ தொடரிலக்கமோ எழுதப்படவில்லை. நான் கேட்ட பிறகே மறுபக்கத்தில் குறித்துத் தந்தார். ஒரே தோற்றமுள்ள மணிக்கூடுகள் ஒன்றோடொன்று மாறிவிடக்கூடிய தொழிலில் இது சிறிய குறையன்று. சொன்ன தவணைக்கும் வேலை முடியவில்லை. பலன்ஸ் அச்சு வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. தாமதமாகும் என்று ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துச் சொல்லாததைப் புரிந்துகொள்ள முடியவில்லை. புதிதாகப் போட்ட கண்ணாடி அசலைவிடச் சற்று உயர்ந்து குவிந்திருந்ததால் சட்டைப்பையில் இடறியது. அதை மறுபேச்சின்றி, கட்டணமும் இன்றி மாற்றிக் கொடுத்தார். மாற்றிய பழைய பாகங்களை அவராகத் திருப்பித் தருவதில்லை. சேகரிப்போருக்கு ஒடிந்த அச்சும் ஓர் ஆவணம் என்பதால், வேலையைக் கொடுக்கும்போதே கேட்டு வைப்பது உசிதம்.

முழுச் சுத்திகரிப்பு, மெயின்ஸ்பிரிங், பலன்ஸ் அச்சு, கண்ணாடி எல்லாவற்றுக்குமாக 18,500 ரூபா ஆனது. இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு இது நியாயமான தொகை என்றே கருதுகிறேன். எனினும் அச்சு வந்து சேரும்வரை இறுதித் தொகையைச் சொல்ல மாட்டார். கையில் கணக்கோடு செல்பவர்கள் உச்ச வரம்பொன்றைப் பேசி வைத்துக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் பின்மூடியையும், அதைத் திறக்கச் சொல்லி உள்ளே இயந்திரத்தையும் உங்கள் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவர் முகம் சுளிப்பதில்லை. காலை பத்து மணிக்கு முன் கடை திறப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா தினங்களிலும் பூட்டியிருக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பற்றரி மாற்ற வருவோரின் கூட்டம் இருக்குமாதலால், பொக்கெற் மணிக்கூட்டைப் பற்றிப் பொறுமையாகப் பேச விரும்புவோர் முற்பகலிலேயே போவது நல்லது.