பித்தளை வில்லை வாங்க ஏற்ற கடை, ஒரு குறையோடு

சென்னை மின்ட் தெருவை ஒட்டிய சந்தில் பழைய பித்தளைச் சாமான் கடை. பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் உதிரிச் சாமான்களைத் தேடுகிறவர்களுக்கு இது நல்ல இடம். பேரல் (குழல்), போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) எதுவும் விற்பதில்லை. 1959 ஆயுதச் சட்டத்தில் பாகமும் ஆயுதம்தான் என்பதால் அது சரியான முடிவு.

ரைஃபிளுக்கு எண்ணெய் போடும் குப்பி வாங்கும்போது மூடியைத் திருகிப் பாருங்கள். உள்ளே சிறு கரண்டியும் தோல் வாஷரும் இருக்க வேண்டும். வாஷர் காய்ந்திருந்தால் கசியும். விளக்கெண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டால் பெரும்பாலும் இளகிவிடும். குப்பியில் குத்தியுள்ள அகன்ற அம்புக்குறிக்கு (அரசு உடைமை முத்திரை) கீழே 'ஐ' எழுத்து இருந்தால் பிரிட்டிஷ் இந்திய அரசின் உடைமை.

உண்மையான புதையல், ரைஃபிளின் பின்கட்டையில் (தோளில் அணைக்கும் மரப் பகுதி) பதித்திருந்த வட்ட வில்லைதான். ரெஜிமென்ட்டின் சுருக்கப் பெயர், துப்பாக்கி எண், சிலவற்றில் வழங்கிய மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். பிரிவு தெரிந்துவிட்டால், பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 95 தொகுதியில் அதன் முதல் உலகப் போர்க்கால நாட்குறிப்பைத் தேடலாம். எந்தச் சிப்பாய் கையில் இருந்தது என்பது மட்டும் அதில் கிடைக்காது.

கடையின் பெரிய குறை, பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்ப்பது. கூடவே பஃபிங்கும் (சுழலும் சக்கரத்தில் மெருகேற்றுவது) செய்வதால் ஆழமில்லாத எழுத்துகள் மழுங்கிவிடுகின்றன. தேய்க்காத சரக்கு உள்ளறையில் சாக்கில் கிடக்கும், கேட்டால் கொட்டிக் காட்டுவார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பச்சைக் களிம்புக்கு அடியிலும் எழுத்து தெரியும். எழுத்தின் ஓரம் கூர்மையாக இருந்து, அதன் பள்ளத்துக்குள் களிம்பே இல்லையென்றால் புதிதாகக் குத்தியதாகச் சந்தேகப்படுங்கள்.