ஒரு நீளம், இரண்டு குட்டை: எட்டு வருடத்துக்குப் பிறகு என் போர்டு பேசியது

நண்பன் ஒருவன் புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறான். "உன்னுடையது எட்டு வருடமாக ஓடுகிறதே, அதே கம்பெனி மதர்போர்டையே வாங்கட்டுமா?" என்று கேட்டான். அவன் கேட்டதற்குப் பத்து நாள் முன்புதான் அந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு ஒரு வாரம் போராடி முடித்திருந்தேன். அதனால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

வேகம், சூடு, எத்தனை போர்ட் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. எட்டு வருடத்தில் நான் மாற்றியது ஒரே ஒரு பொருள், போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. தேதியும் நேரமும் தானாகப் பின்னுக்குப் போக ஆரம்பித்ததும் மாற்றினேன், சரியாகிவிட்டது.

நான் சொல்ல வந்தது பீப் ஒலியைப் பற்றி. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஒரு குட்டை பீப் வரும், உடனே திரையில் வெளிச்சம் வரும். 1981ல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இந்த வழக்கம் உண்டு. ஒரு குட்டை பீப் என்றால் தொடக்கச் சோதனை நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். எட்டு வருடமாகக் காது அந்த ஒலிக்குப் பழகிவிட்டது. அது வராத அன்றுதான் அதை எவ்வளவு நம்பி இருந்தேன் என்று தெரிந்தது.

அன்று காலை வந்தது வேறு ஒலி. ஒரு நீளம், இரண்டு குட்டை, கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் அதே. திரை கறுப்பு. ஃபேன் மட்டும் சுற்றியது. ஆஃப் செய்து மறுபடி போட்டால் எதுவுமே நடக்காததுபோல் ஒழுங்காக ஓடியது. மறுநாள் காலை மறுபடி அதே கதை.

முதலில் நான் பட்ட சிரமம் எண்ணுவதில்தான். ஒலி திரும்பத் திரும்ப வரும்போது எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தெரியாது. நடுவில் கவனித்தால் இரண்டு குட்டை, ஒரு நீளம் என்று காதில் விழும். போனில் பதிவு செய்து, நீண்ட இடைவெளி எங்கே வருகிறது என்று பார்த்து, அதிலிருந்து எண்ணினேன். இதே பிரச்சினை உள்ளவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். இன்னொன்று, ஒலி யுபிஎஸ்ஸிலிருந்து வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மேசைக்கு அடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காது ஏமாந்துவிடும்.

சரி, எண்ணியாயிற்று. அப்புறம் அர்த்தம் தேடினேன். ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் கிராபிக்ஸ் கார்டு என்று பல பட்டியல்களில் இருந்தது. திரையும் கறுப்பாக இருக்கிறது, ஆகவே பொருந்துகிறது என்று நம்பினேன். கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கேபிளை மாற்றினேன். நண்பனிடம் வேறொரு கார்டு இரவல் வாங்கிப் போட்டேன். ஒரு நாள் நன்றாக ஓடும், அடுத்த நாள் காலை மறுபடி அதே பீப். ஒரு வாரம் இப்படியே போனது. கார்டு போய்விட்டது என்றே முடிவு செய்து, புதிது வாங்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் போக பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, இரண்டு ராம் (மெமரி) அட்டைகளையும் வேண்டுமென்றே கழற்றினேன். மறுபடி கரண்ட் கொடுத்து ஆன் செய்தேன். ஒரு நீளம், இரண்டு குட்டை. அதே ஒலி!

அதே மாதிரி ராமைத் திரும்ப மாட்டி, கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி ஆன் செய்தேன். என் சிபியுவுக்கு (பிராசசருக்கு) உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாவிட்டால் படம் வராது. இப்போது வந்தது ஒரு நீளம், மூன்று குட்டை. ஒரு வாரமாகத் தேடியதற்குப் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது. போர்டு முதல் நாளிலிருந்தே ராம், ராம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

என் கோபம் இங்கேதான். ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் புரோகிராமுக்குப் பயாஸ் என்று பெயர், அதைச் செய்யும் கம்பெனிகள் பல. அவார்டு பயாஸ் பட்டியலில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் வீடியோ. என் போர்டில் அது ராம். பழைய ஏஎம்ஐ பட்டியலில் ஒரு நீளம் மூன்று குட்டை என்றால் ராம். என் போர்டில் அது வீடியோ. அப்படியே தலைகீழ். ஃபீனிக்ஸ் பயாஸோ வேறு வழியில் போகிறது, பீப்களை இடைவெளி விட்டுக் கொத்துக் கொத்தாக ஒலிக்கும். ஒவ்வொரு பயாஸ் கம்பெனியும் தனக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறது. அதன் மேல் போர்டு செய்பவர்களும் தங்கள் விருப்பப்படி மாற்றுகிறார்கள். இதில் எந்தப் பட்டியலை நம்பி ஒருவன் பணத்தைச் செலவு செய்வது? என் போர்டுடன் வந்த மடித்த தாளில் பீப் பற்றி ஒரு வரி இல்லை. முழுக் கையேட்டைத் தனியாக இறக்கிப் பார்த்தபோதுதான் சிறிய அட்டவணை ஒன்று கண்ணில் பட்டது. போர்டிலேயே நான்கு வரி அச்சடித்திருக்க இடமா இல்லை?

கறுப்புத் திரையை வைத்து கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகிப்பது இயல்புதான், ஆனால் தவறு. ஆன் செய்ததும் பயாஸ் முதலில் சிபியுவையும் ராமையும் தயார் செய்கிறது, அதற்குப் பிறகுதான் திரைக்கு வருகிறது. ராமிலேயே நின்றுவிட்டால் திரையில் எழுத வழியே இல்லை. அதனால்தான் பீப் அடிக்கிறது. ராம் கோளாறும் கார்டு கோளாறும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே தெரியும். காதுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

பழுது என்னவோ சின்னதுதான். ராமின் தங்க நிறத் தொடுமுனைகள் மங்கியிருந்தன, அது மாட்டும் ஸ்லாட்டில் தூசு. காலையில் முதல் தடவை மட்டும் மறுத்து, அடுத்த தடவை ஓடுகிறது என்றால் சிப் செத்திருப்பதைவிடத் தொடுமுனை சரியாகப் பதியாததற்கே வாய்ப்பு அதிகம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், ஸ்லாட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். பிறகு ஒரே ஒரு ராமை சிபியுவிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு ஓட்டினேன், அடுத்து இன்னொன்றை. இரண்டும் தனித்தனியாக ஓடின. இரண்டையும் மாட்டி ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை புரோகிராமை ஓடவிட்டேன், ஒரு பிழைகூட வரவில்லை. மாட்டும்போது இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று பூட்டுகிறதா என்று பார்ப்பது முக்கியம். அரைகுறையாக உட்கார்ந்தாலும் இதே பீப்தான் வரும்.

இந்த ஒலி வருவதே ஒரு குட்டி பஸ்ஸரிலிருந்து. விரல் நுனி அளவு, நான்கு ஊசி (பின்) இணைப்பு, முன் பக்க பட்டன் ஒயர்கள் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இப்போது பல கேபினெட்டுகளோடு இதைத் தருவதில்லை. பதிலாகச் சில போர்டுகளில் சிபியு, டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் வருகின்றன. எந்த இடத்தில் நின்றதோ அந்த விளக்கு எரிந்தபடி நிற்கும். இன்னும் சிலவற்றில் எங்கே நின்றது என்பதைக் குறியீடாகக் காட்டும் இரண்டு இலக்கத் திரை. பட்டியல் பார்க்காமலே புரிகிறது என்பதால் அந்த நான்கு விளக்குகள் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கின்றன. டிடிஆர்5 ராம் போட்டு முதல் முறை ஆன் செய்யும்போது, ராமைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடம் திரை கறுப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் டிராம் விளக்கு எரிவதைப் பார்த்தால் பதறி பவரை அணைக்காமல் காத்திருக்கத் தோன்றும்.

ஆகவே நண்பனுக்கு நான் சொன்னது இதுதான். உழைப்பில் இந்த போர்டை அடித்துக்கொள்ள முடியாது. எட்டு வருடம் ஒரு நாள்கூட என்னைக் கைவிடவில்லை, கோளாறு வந்த அன்றும் முதல் நொடியிலேயே சரியான இடத்தைச் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தக் கம்பெனியை நீ வாங்காதே. ஒரு வாரம் நான் பட்ட பாட்டுக்குக் காரணம் பழுது இல்லை, அவர்கள் எழுதாமல் விட்ட நான்கு வரி. நான்கு விளக்கு உள்ள போர்டாகப் பார், பஸ்ஸர் மாட்டும் ஊசிகளும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கு. அசெம்பிள் செய்த அன்றே, எல்லாம் நன்றாக ஓடும்போதே, ராமைக் கழற்றி ஒரு தடவை, கார்டைக் கழற்றி ஒரு தடவை ஆன் செய்து அந்த ஒலிகளைப் போனில் பதிவு செய்து வை. ராம் இல்லாமலும் ஒலியே வரவில்லை என்றால் பஸ்ஸர் ஒயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறாயா என்று முதலில் பார். அது சரியாக இருந்தால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), சிபியு, போர்டு பக்கம் போக வேண்டும்.

என் கேபினெட்டின் பக்கக் கதவுக்கு உள்ளே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஒரு நீளம் இரண்டு குட்டை: ராம். ஒரு நீளம் மூன்று குட்டை: கிராபிக்ஸ் கார்டு. ஒரு நீளம் நான்கு குட்டை: வேறு ஏதோ பாகம்.