மணியளவைச் சம்மட்டியில் பிடிப்பதா, உலையில் பிடிப்பதா?

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பட்டறைகளில் தொழில் பழகும் நம் தமிழ்ப் பிள்ளைகள், உறுதிமிக்க உலோகக் கலவைகளின் படிக மணியை (உலோகம் முழுதும் நெருக்கமாக அமைந்த சிறு படிகங்களை) சூடாக்கிச் சம்மட்டியால் அடிக்கும்போதே நுண்மையாக்குவதா, அடித்து முடித்த பிறகு உலையில் சரிசெய்வதா என்று கேட்பதுண்டு. ஆய்வாளர்கள் ஹால் 1951-இலும் பெட்ச் 1953-இலும் காட்டியபடி, மணி சிறுக்கச் சிறுக்க எஃகின் உறுதி ஏறும். மற்ற வழிகளில் உறுதியைக் கூட்டினால் பெரும்பாலும் முறிவைத் தாங்கும் தன்மை குறையும். மணியை நுணுக்கினால் இரண்டும் சேர்ந்தே உயரும்.

முதல் வழி, அடிப்பதைத் தாழ்ந்த வெப்பத்தில் முடிப்பது. 4340 வகை எஃகை (நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த உறுதியான எஃகு) 1200 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி, கடைசி அடியை 900 டிகிரிக்கு அருகில் கொடுத்தால், அடியால் புதிதாகப் பிறந்த மணிகளுக்கு வளர நேரமிருக்காது. சிறிய உருப்படிகளுக்கு இது நல்ல வழி. ஆனால் 1860 முதல் நம் முன்னோர் உழைத்த கரும்பு நிலத்தின் ஆலைகளுக்குச் செய்யும் பருத்த உருளைத் தண்டில், மேற்பரப்பு குளிர்ந்த பின்னும் நடுப்பகுதி சூடாகவே இருக்கும். மீண்டும் சூடேற்றி, அளவுக்குக் கொண்டுவர மட்டும் இலேசாகத் தட்டி முடிப்பது இன்னும் கெடுதல். சிறிதளவே நசுங்கிய இடத்தில் புது மணிகள் சிலவே தோன்றுவதால், அவை பெரிதாக வளர்ந்துவிடும்.

இத்தகைய தண்டுக்கு நான் இரண்டாம் வழியான நார்மலைசிங்கையே, அதாவது அடித்து முடித்த பின் உலையில் சூடாக்கிக் காற்றில் ஆறவிடுவதையே, பரிந்துரைப்பேன். 4340 எஃகை 870 முதல் 900 டிகிரி வரை சூடாக்கும்போது, பழைய அமைப்பு அழிந்து, ஆஸ்டெனைட் எனும் உயர்வெப்பப் படிக அமைப்பு புதிதாக முளைக்கிறது. காற்றில் ஆறும்போது அதுவும் மாறுகிறது. அலுமினியம் சேர்த்த எஃகில் அலுமினியம் நைட்ரைடு துகள்கள் மணி எல்லைகளைப் பிடித்து நிறுத்துகின்றன. ஏறத்தாழ 1000 டிகிரியைத் தாண்டினால் அவை கரையத் தொடங்க, சில மணிகள் பக்கத்து மணிகளை விழுங்கிப் பெருக்கின்றன. சோதனைத் துண்டை ஒடித்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: பருமணி சர்க்கரைக் கட்டிபோல் மினுங்கும், நுண்மணி மங்கிய சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். நிக்கலும் குரோமியமும் மிகுந்த பெரிய உருப்படிகளில் பழைய பருமணி ஒரே சுற்றில் போகாமல் நிற்கலாம் என்பதால், இரண்டாம் முறையும் நார்மலைஸ் செய்வது வீண் செலவன்று. பருமணி மிஞ்சினால், உள்ளே பழுது பார்க்க அனுப்பும் அல்ட்ராசோனிக் (மீயொலி) அலை சிதறி, உள்விரிசலைத் திரையில் காண முடியாமல் போகும்.

புஷ்வெல்ட் பகுதியின் பாறைகளில் வனேடியம் என்னும் உலோகம் மிகுந்திருக்கும் இந்நாட்டில், வனேடியம் எஃகை அடித்துக் காற்றில் ஆறவிடும் மூன்றாம் வழிக்கு இயல்பாகவே ஆதரவு உண்டு. எண்ணெயில் குளிர்வித்து டெம்பரிங் செய்யும் (மிதமாக மீண்டும் சூடாக்கும்) செலவும், அதனால் வரும் கோணலும் இதில் தவிர்க்கப்படுகின்றன. எனினும் அடிக்கும் வெப்பத்தில் மணியைப் பிடிப்பது வனேடியம் என்று நம்புவது தவறு. அது அப்போது பெரும்பாலும் கரைந்திருக்கும். ஆறும்போது நுண்துகளாகப் பிரிந்து உறுதி தருவதே அதன் பணி. 1200 டிகிரியிலும் எல்லையைப் பிடிப்பது, சிறிதளவு சேர்க்கும் டைட்டானியத்தின் நைட்ரைடு. எஞ்சினின் கனெக்டிங் ராடுக்கு (பிஸ்டனைச் சுழல் தண்டோடு இணைக்கும் கம்பிக்கு) இவ்வழி போதும். கடும் அதிர்ச்சி தாங்க வேண்டிய பாகத்துக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவைக்கு வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. எஃகுக்கு உள்ள அமைப்பு மாற்றம் இதற்கு இல்லாததால், பருத்த மணியை உலையால் மட்டும் சிறிதாக்க இயலாது. மறுபடி நசுக்கியே ஆக வேண்டும். ஆகவே டெல்டா கட்டம் (கலவைக்குள் பிரிந்து நிற்கும் தனித் துகள்கள்) கரையும் 1010 முதல் 1030 டிகிரி எல்லைக்குக் கீழே அடித்து, அந்தக் கட்டத்தைக் கொண்டே மணியைப் பிடிக்கிறார்கள். இங்கே சம்மட்டியைத் தவிர வேறு வழி இல்லை.

எந்த வழியானாலும், எஃகு ஆலைச் சான்றிதழில் மணியளவைக் குறிக்க ‘நுண்மணி, எண் 5 அல்லது அதற்கு மேல்’ என்றிருப்பதை உங்கள் உருப்படிக்கான உத்தரவாதமாகக் கொள்ளாதீர்கள். எண் கூடக்கூட மணி நுண்மையாகும் என்பது சரியே. ஆனால் அந்த எண் பெரும்பாலும் 925 டிகிரியில் செய்யும் சோதனையையோ, அலுமினிய அளவையோ சார்ந்தது. நீங்கள் 1200 டிகிரிக்கு ஏற்றி அடித்த தண்டின் மணியை, அதன் பருத்த பகுதியிலிருந்து வெட்டிய துண்டில்தான் அளக்க வேண்டும்.