தெர்மல் குக்கர் வாங்கி எட்டு மாசம் ஆச்சு, கேஸ் மிச்சமாகுதா இல்லையா

போன செப்டம்பர்ல ராம்நாடு பஜார்ல ஒரு பாத்திரக்கடைல இந்த தெர்மல் ரைஸ் குக்கர வாங்குனேன், ஒரு கிலோ சைஸ், 1,650 ரூவா. வாங்குன மறுவாரமே எழுதலாம்னுதான் நெனச்சேன், அப்பறம் ஒரு வாரத்துல எல்லா சாமானுமே நல்லாத்தான இருக்கும், நாள்பட பாத்துட்டு எழுதுவோம்னு விட்டுட்டேன். இப்ப மீன்பிடி தடைக்காலம் வேற, ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகாது, எங்க வீட்டுக்காரவுக மண்டபத்துல ஐஸ் கம்பெனில வேலை பாக்குறவுக, படகு போகலைன்னா ஐஸ் யாருக்கு வேணும், அதனால வீட்டுல ஒரு சம்பளம்தான் ஓடுது. இந்த மாதிரி நேரத்துலதான் எந்த சாமான் காசுக்குப் பிரயோஜனம், எது சும்மா அடுக்குல ஒக்காந்திருக்குன்னு நல்லாத் தெரியுது.

முதல்ல தெரியாதவங்களுக்கு. இது கரண்டுல ஓடுற குக்கர் இல்ல, விசில் குக்கரும் இல்ல. வெளிய ஒரு பெரிய டப்பா, ரெண்டு சுவத்துக்கு நடுவுல ஐஸ்பெட்டில அடைக்கிற மாதிரி பஃப்னு ஒரு நுரை அடைச்சிருக்கும், உள்ள ஒரு எவர்சில்வர் பானை. பானைய அடுப்புல வச்சு தண்ணி கொதிச்சதும் அரிசியக் களைஞ்சு போட்டு, கொஞ்ச நேரம் தளதளன்னு கொதிக்க விட்டு, அப்படியே தூக்கி டப்பாக்குள்ள எறக்கி மூடிட வேண்டியதுதான். உள்ள இருக்கற சூட்டுலயே மீதி வெந்துரும், அப்பறம் எடுத்து வடிக்கணும். ஐஸ் கம்பெனிக்காரவுகளுக்கு நான் வெளக்க வேண்டியதே இல்ல, "ஐஸ உருகாம வைக்கிற பெட்டி, நீ அதுல கொதிக்கிற தண்ணிய வைக்கிற, அம்புட்டுதான"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாக.

கடைக்காரர் சொன்னது என்னன்னா, "கேஸ் பாதிக்குப் பாதி மிச்சம்க்கா". இதப் பத்தித்தான் நான் முக்கியமா எழுத வந்தேன், ஏன்னா இது பாதி உண்மைதான்.

எங்க வீட்டுல அஞ்சு பேரு, அத்தைக்கு சுகர், வடிச்ச சோறுதான் சாப்புடுவாக, குக்கர் சோத்த வச்சா தட்ட அப்படியே தள்ளிருவாக. அதனால இத்தன வருசமா ரேஷன் குண்டரிசிய தெறந்த பானைல முப்பத்தஞ்சு நாப்பது நிமிசம் கொதிக்க விட்டு வடிச்சுக்கிட்டு இருந்தோம். அதோட ஒப்பிட்டா கண்டிப்பா மிச்சம், தண்ணி கொதிக்க ஒரு பதினஞ்சு நிமிசம், அரிசி போட்டு எட்டு நிமிசம், அடுப்ப அணைச்சுரலாம். ஆனா நீங்க ஏற்கனவே விசில் குக்கர்ல சோறு வைக்கிறவங்களா இருந்தா, இத வாங்கி கேஸ் மிச்சம் பண்ணலாம்னு நெனைக்காதீங்க. இதுக்கு நாலு லிட்டர் தண்ணிய கொதிக்க வைக்கணும், விசில் குக்கருக்கு அதுல பாதிகூட வேண்டாம், ரெண்டுக்கும் அடுப்பு எரியிற நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நான் செல்லுல டைம் வச்சே பாத்தேன்.

சிலிண்டர் கணக்கும் எழுதி வச்சேன், காலண்டர்ல மாத்துன தேதிய வட்டம் போட்டு. முன்னாடி 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு 32, 33 நாளு வரும். இது வந்தப்பறம் 38, ஒரு தடவ 41. ஆனா அந்த 41 வந்த மாசம் பிள்ளைக ரெண்டும் லீவுக்கு எங்க அம்மா வீட்டுல ஒரு வாரம் கெடந்துச்சுக, அதனால அத கணக்குல சேக்க மாட்டேன். அஞ்சு நாளு மிச்சம்னு வச்சுக்கங்க, பாதின்னு சொன்னது கடைக்காரர் வாய்.

அப்ப எதுக்கு இத இன்னும் வச்சிருக்கேன்னு கேட்டா, காலைல ஒரு மணி நேரத்துக்காக. நான் உச்சிப்புளில இருந்து ராம்நாட்டுக்கு ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போறேன், 7.20 பஸ்ஸ விட்டா அன்னிக்கு லேட்டு, சம்பளத்துல பிடிப்பாங்க. வடிக்கிற சோறுன்னா பக்கத்துலயே நிக்கணும், பொங்கும், தீயக் கொறைக்கணும், பதம் பாக்கணும், ரெண்டு அடுப்புல ஒண்ண அதுவே பிடிச்சுக்கும். இப்ப அஞ்சு மணிக்கு தண்ணிய வச்சுட்டு பல் விளக்கி முகம் கழுவிட்டு வந்தா கொதிச்சிருக்கும், அரிசியப் போட்டு எறக்கிட்டா ரெண்டு அடுப்பும் ஃப்ரீ, ஒண்ணுல குழம்பு, ஒண்ணுல பொரியலோ முட்டையோ, ஆறேகாலுக்கு டப்பாவத் தெறந்தா சோறு ஆவி பறக்க இருக்கு. விசில் எண்ண வேண்டாம், "அம்மா மூணாச்சா நாலாச்சா"ன்னு பிள்ளைகளக் கேக்க வேண்டாம். அதுவும் நம்ம பக்கம் காத்தடிச்சா கரண்டு போயிரும், கரண்டு குக்கர நம்பி அரைவேக்காட்டுல நின்ன நாளெல்லாம் உண்டு, அந்த தொல்லை இதுல கெடையாது.

எந்த அரிசிக்கு எவ்வளவு நேரம்ங்கறது நம்ம அனுபவத்துலதான் வரும், கூட வர்ற பேப்பர்ல போட்டிருக்கறத நம்பாதீங்க, அது யாரு எந்த அரிசிய வச்சு எழுதுனதோ. ரேஷன் புழுங்கல் எட்டு நிமிசம் கொதி, உள்ள அம்பது நிமிசம். கடைப் பொன்னி புழுங்கல் அஞ்சு நிமிசம் கொதிச்சா போதும், நாப்பதுல எடுத்துரணும். பச்சரிசி ரெண்டே நிமிசம், இருவதுல எடுக்கலைன்னா குழைஞ்சுரும். நம்மூரு சித்திரைக்கார் இருக்குல்ல, செவப்பரிசி, அத்தைக்காக வாரத்துல ரெண்டு நாளு வைப்பேன், அதுதான் அழிச்சாட்டியம் பண்ணும், ராத்திரியே ஊறப் போட்டு, காலைல பதினஞ்சு நிமிசம் கொதிக்க விட்டு, ஒன்னேகால் மணி நேரம் உள்ள வச்சு, அப்பவும் நடுவுல முளை மாதிரி கடுக்குன்னு இருந்தா இன்னொரு கொதி விட்டுத்தான் வடிக்கணும்.

நான் பண்ணுன முட்டாள்தனத்தையும் சொல்லிடுறேன். முதல் நாளு ரெண்டு பேருக்குத்தானன்னு ஒரு டம்ளர் அரிசியும் கொஞ்சூண்டு தண்ணியும் வச்சு எறக்குனேன், தெறந்து பாத்தா கல்லு. பானைல கொதிதண்ணி நெறைய இருந்தாத்தான் சூடு நிக்கும், பாதிப் பானை காலியா இருந்தா சூடும் சீக்கிரம் எறங்கிரும். அதனால அரிசி கம்மியா இருந்தாலும் தண்ணிய கழுத்து வரைக்கும் ஊத்தணும், இது கடைல யாரும் சொல்லல. ரெண்டாவது, ஒரு ஞாயித்துக்கெழமை காலைல வச்ச சோத்த வடிக்காம அப்படியே மறந்துட்டு கல்யாணத்துக்குப் போயிட்டோம், ராத்திரி வந்து மூடியத் தொறந்தா ஒரு வாடை, சோறு நூல் விடுது. சூடு நல்லா இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, வெதுவெதுப்பா மாறுனப்பறம் மணிக்கணக்கா கெடந்தா அதுலதான் கிருமி பெருகும், திரும்ப கொதிக்க வச்சாலும் சில கிருமி விட்ட விஷம் போகாது. அந்த சோறு முழுக்க குழில போயிடுச்சு. கேஸ்ல மிச்சம் பண்ணதெல்லாம் ஒரே நாள்ல அரிசில போச்சுன்னு அத்தை ரெண்டு நாளு சொல்லிக் காட்டுனாக. இதுல சோறு வடிச்சு வச்சா நாலு மணி நேரத்துக்குள்ள சாப்புட்டு முடிச்சுருங்க, ராத்திரிக்கு மிச்சம் வேணும்னா வெளிய எடுத்து ஆற வச்சு தண்ணி ஊத்திருங்க, காலைல நீச்சத்தண்ணிக்கு ஆச்சு.

அடுத்தது தண்ணி, நம்ம பக்கத்து ஆளுகளுக்கு இது பெரிய விசயம். எங்க போர் தண்ணி உப்பு, அதுல சோறு வடிச்சா மஞ்சக் கலர்ல கடுப்பா இருக்கும். காவிரித் தண்ணி வர்ற அன்னிக்குப் பிடிச்சு வச்சுத்தான் சமையலுக்கு, வரலைன்னா குடம் காசுக்கு வாங்கணும். விசில் குக்கரோட ஒப்பிட்டா இதுக்கு ரெட்டிப்புத் தண்ணி போகுது, அதனால வடிச்ச கஞ்சிய நான் கீழ ஊத்துறதே இல்ல. கொஞ்சம் உப்புப் போட்டு சின்ன வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு அத்தைய தவிர எல்லாரும் ஆளுக்கொரு டம்ளர் குடிச்சுருவோம், மிச்சம் ஆட்டுக்கு, வெள்ளிக்கெழமை காட்டன் சேலைக்கு கஞ்சி போடவும் அதுதான். தண்ணிக்கு ரொம்பக் கஷ்டப்படுற வீடுன்னா ரெண்டு தடவ யோசிச்சு வாங்குங்க.

சோத்தத் தவிர வேற என்ன பண்ணலாம்னா, எங்க கடைல வேதாளைல இருந்து வர்ற ஒரு ராத்தா இருக்காக, அவுக நோன்பு மாசம் முழுக்க இதுலதான் கஞ்சி வச்சாகளாம். அரிசிக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு எல்லாம் போட்டு பத்து நிமிசம் கொதிக்க விட்டு சாயங்காலம் நாலு மணிக்கு எறக்கி வச்சுட்டா, நோன்பு தொறக்க முன்னாடி எடுத்து தேங்காப்பால் ஊத்தி ஒரு கொதி, அடி பிடிக்காது, கிண்டிக்கிட்டே நிக்க வேண்டாம். ஆனா மீன் ஆணத்துக்கு, அதான் மீன் குழம்புக்கு, இத தொடவே மாட்டேன்னாக, நானும் அதேதான் சொல்றேன், மீனு அஞ்சு நிமிசத்துல வேகுற சாமான், அத டப்பாக்குள்ள வச்சு என்ன பண்ண, பொடிப்பொடியா ஒடஞ்சு போகும். தட்டப்பயறு, கருப்புக் கொண்டக்கடலை ராத்திரி ஊற வச்சு கால் மணி நேரம் கொதிக்க விட்டு வச்சா பதமா வெந்துருது. ஆட்டுக்கறி போட்டுப் பாத்தேன், ரப்பர்.

சோறு டப்பாக்குள்ள போயி அடுப்ப விட்டுக் குடுத்ததால குழம்பு கூடுதல் ருசியாச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க, ஆனா நெசம். முன்ன அவசரத்துல பொடியக் கரைச்சு ஊத்தி எறக்கிருவேன், இப்ப நம்ம முண்டு மிளகாயும் மல்லியும் வறுத்து அரைக்க நேரம் இருக்கு. (2023-ல அதுக்கு புவிசார் குறியீடு குடுத்தாய்ங்க, இப்பயாச்சும் நம்ம மிளகாக்கு ஒரு பேரு இருக்கு.) படகு போற நாள்கள்ல சூடையும் காரலும்தான் எங்களுக்கு, வெலை மீனு, பாறையெல்லாம் விருந்தாளி வந்தா பாத்துக்கலாம். காரல்ல முள்ளுதான், ஆனா புளி கம்மியா விட்டு தண்ணியா ஒரு சாறு வச்சா சுடு சோத்துக்கு அது போதும். இப்ப தடைக்காலத்துல நாட்டுப்படகு மீனு வர்றதும் வெலை ஏறிக் கெடக்கு, அதனால மாசி மாசமே வாங்கிக் காய வச்ச நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும்தான் ஓடிக்கிட்டு இருக்கு.

சாமானோட தரம். உள்பானை நல்ல கனம், கொறை சொல்ல முடியாது. வெளி டப்பா பெயிண்ட் அடிச்சது, கடல்காத்துக்கு ஆறே மாசத்துல கைப்பிடி ஸ்க்ரூ துருப்பிடிச்சு பக்கத்துல பெயிண்ட் பொரிஞ்சு வருது. பெயிண்ட் இல்லாத எவர்சில்வர் வெளி டப்பா இருக்கறது கூட முன்னூறு நானூறு ரூவா ஆகும், கடற்கரைப் பக்கம் இருக்கறவங்க அதையே வாங்கிருங்க, நான் கலரப் பாத்து ஏமாந்துட்டேன். இன்னொன்னு, வீட்டுக்கு வந்து பாத்தா மேல்மூடி ஒரு பக்கம் சரியா உக்காரல, ஆவி போகுது. மறுநாளே கடைக்கு எடுத்துட்டுப் போனா "நீங்க கீழ போட்டிருப்பீங்க"ங்குறாரு, பில்லக் காட்டுனா அப்பறம் "கம்பெனிக்கு அனுப்பி பதினஞ்சு நாளாகும்". நான் மூணு தடவ போய் நின்னுதான் வேற மூடி குடுத்தாங்க. அதனால வாங்கும்போதே கடைலயே மூடியப் போட்டு சுத்திப் பாருங்க, முடிஞ்சா கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக் காட்டச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க.

அந்த மூடி இல்லாத நாள்கள்லதான் ஒரு வேடிக்கை நடந்துச்சு. அத்தை "ஏத்தா, இதுக்குப் போயி இம்புட்டுக் காசா"ன்னு சொல்லி, பரண்ல கெடந்த பெரிய பனையோலைப் பெட்டிய எறக்கி, அடில வைக்கோலப் பரப்பி, கொதிச்ச பானைய மூடியோட அதுக்குள்ள வச்சு, சுத்தியும் மேலயும் பழைய கம்பளியையும் சேலையையும் திணிச்சாக. ஒரு மணி பத்து நிமிசம் கழிச்சு எடுத்தா சோறு வெந்திருக்கு! டப்பாவ விடக் கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான். துணி மட்டும் கஞ்சி சிந்தி ஈரமாகுது, அத காயப் போடணும், வைக்கோல அப்பப்ப மாத்தணும், எலி வராம பாத்துக்கணும், அதனால வேலைக்குப் போற வீட்டுக்கு டப்பாதான் தோது. ஆனா 1,650 கைல இல்லன்னா முதல்ல ஓலைப்பெட்டில ஒரு வாரம் பண்ணிப் பாருங்க, உங்க வீட்டுக்கு இந்த மாதிரி சோறு ஒத்துவருதான்னு தெரிஞ்சுரும்.

சைஸ் பத்தி நெறைய பேரு கேப்பீங்க. மூணு பேருக்கு அரைக் கிலோ, அஞ்சாறு பேருக்கு ஒரு கிலோ, அதுக்கு மேல பெருசா வாங்குனா அது நெறையவே நெறையாது, சூடும் நிக்காது, கொதிக்கிற பானையத் தூக்கி எறக்க கையும் தாங்காது. பெரியப்பா வல்லத்துல கடலுக்குக் கொண்டு போக ஒண்ணு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டாரு, அலைல ஆடி மூடி தெறந்துச்சுன்னா கொதிதண்ணி, வேண்டாம் பெரியப்பா தூக்குவாளியே போதும்னுட்டேன். இப்ப வீட்டுல சும்மா இருக்கறதால வீட்டுக்காரவுகதான் காலைல சோறு வைக்கிறாக, மூடியத் தொறந்து தொறந்து பாக்காதீகன்னு தெனம் சொல்ல வேண்டியிருக்கு, பாதிச் சூடு அதுலயே போயிருது.