மணிலா வங்கியும் பெய்ஜிங் வங்கியும்: பங்கு யாரிடம், கடன் யாருக்கு?

1966-இல் தொடங்கி மணிலாவில் இயங்கும் ஆசிய வளர்ச்சி வங்கியும், 2016-இல் பெய்ஜிங்கில் பணியைத் தொடங்கிய ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் உறுப்பு நாடுகளின் பங்குகளால் ஆனவை. வேறுபாடு அந்தப் பங்குகள் யாரிடம் குவிந்துள்ளன என்பதில்தான் இருக்கிறது.

மணிலாவில் ஜப்பானும் அமெரிக்காவும் தலா 15.6 சதவீதம் அளவுக்குப் பங்கு வைத்துள்ளன; இதுவரை தலைவர்கள் அனைவரும் ஜப்பானியர்களே. மொத்த வாக்குகளில் 20 சதவீதம் எல்லா நாடுகளுக்கும் சமமாகப் பகிரப்படுவதால், சிறிய தீவு நாடுகளின் குரல் அவற்றின் மூலதனத்தை விடச் சற்றே உரக்க ஒலிக்கிறது. பெய்ஜிங்கில் இந்த இரு வல்லரசுகளும் உறுப்பினர்கள் அல்ல. அங்கே சீனாவிடம் ஏறத்தாழ 26 சதவீத வாக்குகள் உள்ளன. தலைவர் தேர்வு, மூலதன உயர்வு போன்ற முக்கிய முடிவுகளுக்கு 75 சதவீத வாக்குகள் வேண்டும் என்பதால், சீனா மறுத்தால் அவை நிறைவேறா. என் பார்வையில், பங்கு விகிதத்தை விடக் கவனமாகப் படிக்க வேண்டியது இந்த விதியைத்தான்.

இரு வங்கிகளும் பெரும்பாலும் பத்திரச் சந்தையில் திரட்டிய பணத்தையே கடனாகத் தருகின்றன. மிக ஏழை நாடுகளுக்கு மானியமும் சலுகைக் கடனும் தரும் நெடிய மரபு மணிலாவுக்கு உண்டு. பெய்ஜிங்கின் கடன்கள் பெரும்பாலும் சந்தையை ஒட்டிய வட்டியிலேயே அமைகின்றன. ஆகவே மிக ஏழை நாட்டுக்கு மணிலாவே உகந்தது.

எனினும் இவை எதிரிகள் அல்ல: 2016-இல் பாகிஸ்தானின் எம்4 நெடுஞ்சாலைக்கும், பின்னர் சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கும் இரண்டுமே கடன் வழங்கியுள்ளன.