மாத்திரையா, ஊசியா, கைக்குச்சியா, ஆணுறையா?

கருத்தடை முறைகளை ஒப்பிடுவோர் முதலில் கேட்பது தோல்வி வீதத்தையே. நடைமுறைப் பயன்பாட்டில், நூறு பெண்களுள் ஓராண்டுக்குள் கருத்தரிப்போர் ஆணுறையில் ஏறத்தாழ 13 பேர், மாத்திரையில் 7 பேர், மூன்று மாத ஊசியில் 4 பேர். கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்பிலும் மேற்கைத் தோலின் கீழ் வைக்கும் கைக்குச்சியிலும் ஒருவருக்கும் குறைவு. இவ்வரிசையை மட்டும் நம்பினால் ஆணுறை கடைசிக்குப் போய்விடும். ஆனால் எச்.ஐ.வி., கொனோரியா, சிபிலிஸ் போன்ற தொற்றுகளிலிருந்து காப்புத் தருவது இவற்றுள் அது ஒன்றுதான்.

மாத்திரையைத் தவறாது எடுப்போரில் தோல்வி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மீதியெல்லாம் மறதியின் கணக்கு. நிலாவெளி விடுதியொன்றில் இரவும் பகலும் மாறி மாறி வேலை பார்க்கும் பெண்ணுக்கு, தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை எடுப்பதும், அந்த அட்டையை வீட்டார் கண்ணில் படாமல் வைப்பதும் சிறிய காரியங்கள் அல்ல. உயர் குருதியமுக்கமோ, கண்முன் ஒளி தெரியும் ஒற்றைத் தலைவலியோ உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைத் தொடங்கக் கூடாது. ஊசியில் ஒளிக்க எதுவுமில்லை. எனினும் அதை நிறுத்தியபின் கருவளம் திரும்ப ஓராண்டு வரை செல்லக்கூடும் என்பதால், விரைவில் குழந்தை வேண்டுவோருக்கு அது பொருந்தாது.

கைக்குச்சி, வகையைப் பொறுத்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வேலை செய்யும். அகற்றியவுடன் கருவளம் திரும்பும். நிலையான உறவில் இருப்போருக்கு நான் முதலில் சொல்வது இதையே. இதன் குறை ஒழுங்கற்ற இரத்தப்போக்கு. மருத்துவ நோக்கில் அது பெரும்பாலும் தீங்கற்றதுதான். ஆனால் அந்நாட்களில் கோயிலுக்கும் பூசையறைக்கும் போகாத குடும்பங்களில், பத்திரகாளி அம்மன் திருவிழாவுக்கு மகள் ஏன் வரவில்லை என்ற கேள்வி எழும். தடங்கல் மருந்தில் மட்டும் இல்லை: மாத்திரை, ஆணுறை போன்றவற்றை இலவசமாகத் தரும் குடும்பநல உத்தியோகத்தரே தாயாரின் வீட்டுக்கும் வந்துபோகிறவர் என்பதால் மணமாகாதோர் தயங்குகின்றனர்.

ஆணுறையைச் சரியாகப் பயன்படுத்தினால் அந்த 13 என்பது 2 ஆகக் குறையும். திருகோணமலை வெயிலில் மோட்டார் சைக்கிள் இருக்கையின் கீழோ பணப்பையிலோ நாட்கணக்கில் கிடந்த உறை நம்பத்தக்கதன்று. தேங்காய் எண்ணெய் லேடெக்ஸ் உறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனப்படுத்தும். நீர் சார்ந்த வழுக்குப்பொருளே ஏற்றது. ஆகவே, புதிய உறவில் ஆணுறை. உறவு நிலைத்தபின் கைக்குச்சியோடு, இருவரும் பரிசோதிக்கும் வரை ஆணுறையும்.

உறை கிழிந்தால் அவசர மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தவரை முந்தி எடுக்க வேண்டும். ஐந்து நாட்களுக்குள் வைக்கும் செப்பு லூப் அதைவிட வலுவானது. எச்.ஐ.வி. அச்சமிருந்தால், அது தொற்றாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்கவும் 72 மணித்தியாலமே எல்லை. அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம், இரகசியமும் கூட. ஆய்வுகூட இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லையென்று உறுதியாகச் சொல்ல, சம்பவத்திலிருந்து 45 நாட்கள் கழிய வேண்டும்.